ஒரு டாலர் தராதவர்கள் பட்டியல்

அரிசோனா வெயிலில் முட்டிவலி குறைந்து சுகமாக இருக்கும் அன்பு அக்கா லிபுஷாவுக்கு, நெப்ராஸ்காவிலிருந்து தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் நலம். மழை வேண்டிய அளவு பெய்தது. நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

விஷயம் அந்த ஒரு டாலர்தான். போன கிறிஸ்துமஸுக்கு எழுதிய கடிதத்தில், யாருமே குடியிருக்காத நம் பண்ணை வீட்டு டெலிபோனுக்கு மாதாமாதம் அவசர அழைப்புக் கட்டணம் எதற்கு, அங்கே எலிகளுக்கா நெஞ்சுவலி வரப்போகிறது என்று கேட்டிருந்தாய். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அது தப்பு. முப்பத்தொரு வருஷமாக இந்தச் சின்ன டெலிபோன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இப்போது சொல்கிறேன், கேள். அந்த டாலர் எங்களுக்குச் சொந்தமில்லை. பில்லில் தனி வரியாகப் போட்டு வாங்குகிறோம், வாங்குகிற தொல்லைக்கு ஒரு சென்ட் எடுத்துக்கொள்கிறோம், மீதி தொண்ணூற்றொன்பது சென்ட்டையும் அடுத்த மாதம் முடிவதற்குள் மாவட்டக் கருவூலத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அந்தப் பணத்தில்தான் ஷெரீஃப் ஆபீஸின் கீழ்த்தளத்தில் நோரீன் உட்கார்ந்து, யாராவது ஒன்பது-ஒன்று-ஒன்று அழுத்தினால் எடுத்துப் பேசி, தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ அனுப்புகிறாள். ஒருவர் அந்த டாலரைத் தரமாட்டேன் என்றால் நாங்கள் அவர் போனை வெட்டக் கூடாது. வழக்கும் போட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பெயரைப் பட்டியலில் எழுதி மாவட்டத்துக்குக் கொடுத்தால் போதும். மாவட்டச் சபையில் அதை உரக்க வாசிப்பார்கள்.

முன்பெல்லாம் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான். என்னோடு படித்த எமில் வோண்ட்ரா. மாதாமாதம் ஆபீஸுக்கே வந்து, பில்லில் அந்த வரியை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு மீதியைக் கட்டுவான். "எனக்கு அவசரம்னு ஒண்ணு வந்ததே இல்லடா. என் கல்யாணத்துக்கே நான் அவசரப்படல" என்பான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் அந்தப் பென்சில் வித்தையைக் கற்றுக்கொடுத்தான். போன இலையுதிர் காலத்தில் எண்ணிப் பார்த்தால் எண்பத்து மூன்று பேர். நம்மிடம் இருப்பதே அறுநூறு இணைப்பு. வருகிற பணமே ஏற்கெனவே இழுபறி. இப்படியே போனால் நோரீனின் மேஜையை எடுத்துவிட்டு, அழைப்புகளை நூறு மைல் தள்ளியிருக்கிற நகரத்துக்குத் திருப்பிவிடுவோம் என்று மாவட்டத்திலிருந்து கடுதாசி வந்தது. நோரீன் அதைப் படித்துவிட்டு, "அங்க இருக்கறவங்ககிட்ட 'பழைய டான்ஸ் ஹாலைத் தாண்டி ரெண்டாவது கேட்டு'ன்னு சொன்னா, எந்த டான்ஸ் ஹால்னு கேப்பாங்க. அதுக்குள்ள ஆளு போயிடுவாரு" என்றாள்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும், ஆபீஸ் போன் அடித்தது.

"லுமிர், எமில் பேசறேன். வேலையா இருக்கியா?"

"பில்லைப் பத்தின்னா நாளைக்குக் கூப்பிடுடா."

"பில்லு இல்ல. குதிருக்குள்ள இருக்கேன். நெஞ்சு வரைக்கும் சோளம்."

சோளத்தை வெளியே இழுக்கும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் அந்த வீடளவு தகரக் குதிருக்குள் இறங்கினானாம். ஓரத்தில் பாறை மாதிரி இறுகியிருந்த மக்காச்சோளத்தைக் கம்பியால் குத்தியிருக்கிறான். அது மொத்தமாகச் சரிந்து அவனைப் பிடித்துக்கொண்டது. பண்ணையில் வேறு ஆளில்லை. சட்டைப்பையில் போன் இருந்தது, கை வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

"நோரீனைக் கூப்பிட்டியா?" என்றேன்.

"எப்படிடா கூப்பிடுவேன்? ரெண்டரை வருஷமா அந்தப் பொண்ணுக்கு ஒரு சென்ட் குடுக்கல. உனக்குத்தான் ஒழுங்கா குடுத்திருக்கேன். நீயே பாத்து ஏதாவது செய்." பிறகு, "மூச்சை விட்டா சோளம் இறுக்குதுடா. மறுபடி இழுக்க எடம் இல்ல" என்றான். அந்தக் குரலை நான் அவனிடம் கேட்டதே இல்லை, அக்கா.

மேஜையிலிருந்த இன்னொரு போனில் நான் நோரீனை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். "நம்ம தீயணைப்பு ஆளுங்க கிளம்பியாச்சு. ரெண்டு ரிசீவரையும் தலைகீழா சேத்துப் பிடிங்க, நான் அவர்கிட்டப் பேசணும்" என்றாள். ஒன்றின் வாயை மற்றதன் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் இரண்டு குரலும் எனக்குக் கேட்டன.

"எமில், கை ரெண்டும் மேலயே இருக்கட்டும். நெளியாதீங்க. சின்னச் சின்னதா மூச்சு விடுங்க."

"இதுக்கு எவ்வளவு ஆகும், நோரீன்?"

"பேசாதீங்க. நான் பேசறேன், நீங்க கேளுங்க."

அவள் பேசினாள். தன் பூனையைப் பற்றி, பள்ளிக்கூடக் கூடைப்பந்து பற்றி, தீயணைப்பு வண்டி எந்தத் திருப்பத்தில் வருகிறது என்பதைப் பற்றி. வண்டி போய்ச் சேரும்வரை இருபத்தாறு நிமிஷம். எனக்குக் கை மரத்துப்போனது, ஆனால் ரிசீவரை மாற்றிப் பிடிக்கப் பயம். நான் அழுதேன் என்று எங்கள் ஆபீஸ் ஆர்டிஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதை நீ நம்ப வேண்டாம். ஆட்கள் போய்க் குதிரின் தகரத்தை இரண்டு பக்கமும் அறுத்துச் சோளத்தை வெளியே கொட்டவிட்டு, நாலரை மணிக்கு அவனை எடுத்தார்கள். ஒரு பூட்ஸ் உள்ளேயே போய்விட்டது. எமில் பிழைத்துவிட்டான். அவன் மனைவி அன்றைக்கே எல்லாருக்கும் கசகசா வைத்த கொலாச்சே பன் சுட்டு அனுப்பினாள்.

வியாழக்கிழமை ஆபீஸுக்கு வந்து முப்பது மாதத்துக்கு முப்பது டாலரை வைத்தான். ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு நேராகக் காப்பிக் கடைக்குப் போனான். அதிலிருந்து அந்தக் கடையில் யாரும் நிம்மதியாகக் காப்பி குடிக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "டாலரைக் கட்டிட்டியா?" என்கிறான். எண்பத்து மூன்று பேர் நாற்பதாகி, பத்தாகி, வருஷக் கடைசியில் ஒன்றில் வந்து நின்றது. மாவட்டமும் நோரீனின் மேஜை அங்கேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டது.

அந்த ஒரு பெயர்தான் என்னை எழுத வைக்கிறது. இதுவரை பட்டியல் நான் போடுவேன், இந்த வருஷம் ஆர்டிஸ் போட்டாள். 'எல். கிருபிச்கா, ஓர் இணைப்பு, பன்னிரண்டு மாதம்' என்று எழுதியிருக்கிறாள். பார்த்தவுடன் புரிந்துவிட்டது: எல் என்றால் லிபுஷா, அந்தப் பண்ணை வீட்டு இணைப்பு உன் பெயரில்தானே இருக்கிறது. நாற்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நியாயம் சொல்லிக்கொடுத்த டீச்சர் நீ, இப்படிச் செய்யலாமா? எமிலே கட்டிவிட்டான், அக்கா. தயவுசெய்து பன்னிரண்டு டாலருக்கு ஒரு செக் எழுதி உடனே அனுப்பு. நம் அப்பா பெயர் சபையில் அப்படிக் காதில் விழ வேண்டாம்.

முட்டிக்குத் தைலம் விடாமல் போடு. உன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அந்தப் பாட்டுக் குழுவினருக்கும் என் வணக்கம். எல்லா நன்மையும் உனக்கு வர வேண்டும் என்று கோபத்தோடும் பிரியத்தோடும் வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி
லுமிர் கிருபிச்கா

பின்குறிப்பு: தபால்தலை ஒட்ட வந்த ஆர்டிஸ் உறையிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு எதுக்குக் கடிதம்? மாசம் தவறாம கட்டறாங்களே. ஒவ்வொரு செக்குலயும் 'எதிர்ப்புடன்'னு எழுதித்தான் கட்டறாங்க, ஆனா கட்டறாங்க. அந்த எல். கிருபிச்கா நீங்கதான்" என்றாள். கம்பெனி ஆட்களுக்கு டெலிபோன் இலவசம், அதனால் எனக்குப் பில் வருவதில்லை, பில் இல்லாததால் அந்த டாலரை நான் ஒருநாளும் கட்டியதில்லை. இத்தனை வருஷம் பட்டியல் போட்டவனுக்குத் தன் பெயர் தோன்றவில்லை. மேலே உள்ளதையெல்லாம் மன்னித்துவிடு. எமில் கதை உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் கிழிக்க மனம் வரவில்லை. பன்னிரண்டு டாலரை இப்போதே ஆர்டிஸிடம் கட்டிவிட்டேன், முந்தின வருஷங்களுக்கும் கணக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பட்டியல் நேற்றே தபாலில் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை சபையில் வாசிப்பார்கள். எமிலுக்கு எப்படியோ தெரிந்து, பக்கத்தில் வந்து உட்காருகிறேன் என்று போன் செய்தான். "பேரைப் படிக்கும்போது மேல பாக்காத, பூட்ஸைப் பாரு. சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றான்.