இரண்டு தட்டு மொச்சை சூப்

கோமோ ஏரிக்கரை
பிப்ரவரி, 1927

புவெனஸ் அயர்ஸில் இருக்கும் பிரியமுள்ள அண்ணன் எஜீதியோ அவர்கள் சமூகத்துக்கு, தம்பி எர்மெத்தே வணங்கி எழுதிக்கொண்டது. நானும் என் மனைவி ஒலிம்பியாவும் கோழிகளும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்குக் கன்னி மாதாவை வேண்டுகிறோம்.

அண்ணா, நாடு எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஓட்டுப் போடுகிற அலைச்சலே இல்லை. மேயரை ரோமிலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். மற்றக் கட்சிகளையெல்லாம் மூடிவிட்டதால் எந்தப் பத்திரிகை வாங்குவது என்ற குழப்பமும் ஒழிந்தது. மறுத்துப் பேசுகிறவர்களுக்கு ஆளும் கட்சியின் கறுப்புச் சட்டைப் பையன்கள் விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள்; ஊரில் மலச்சிக்கல் என்ற பேச்சே கிடையாது.

மிச்சமிருந்தது நம்ம பந்துருட்டும் சங்கத்துத் தேர்தல் ஒன்றுதான். வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வேட்பாளர் தவிர எல்லாரும் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், வேண்டுமென்றால் வெள்ளை மொச்சை, வேண்டாமென்றால் கறுப்பு மொச்சை எடுத்து ஜாடியில் போட வேண்டும். மொச்சைக் கூடைகள் நம் வீட்டுப் பொறுப்பு. இந்த வருஷம் தலைவர் பதவிக்குக் கட்சிச் செயலாளர் ஸ்காராத்தி ஒருவர்தான் நின்றார். தங்கமான மனுஷர். அன்றைக்கு மத்தியானம் நம்ம வீட்டில்தான் சாப்பாடு. ஒலிம்பியா வைத்த மொச்சை சூப்பை ரெண்டு தட்டு குடித்துவிட்டு, ரொட்டியால வழிச்சும் தின்னார். சாயங்காலம் ஜாடியைக் கவிழ்த்தால் அத்தனையும் கறுப்பு அண்ணா. மருந்துக்குக்கூட ஒரு வெள்ளை இல்லை. செயலாளர் கதவைச் சாத்தி, ஒருத்தன் விடாமல் எண்ணெய் புகட்டச் சொல்லிவிட்டார். பையன்கள் தடியைத் தூக்கிட்டாங்க. அப்போதான் திரைக்குப் பின்னாலிருந்து ஒலிம்பியா வெறுங்கூடையோட வர்றா.

"இவங்கமேல தப்பில்லீங்கய்யா. வெள்ளை மொச்சையைக் கவனிக்காம நான்தான் காலையில சூப்புல போட்டுட்டேன். கூடை காலி. இருக்கிறதைத்தானே எடுப்பாங்க?"

"எந்த சூப்புல?"

"நீங்க ரெண்டு தட்டு குடிச்சீங்களே, அதுலதான்."

தன் ஓட்டைத் தானே தின்ன வேட்பாளரை யார் பார்த்திருக்கா? செயலாளர் வயித்தைத் தடவிக்கிட்டே கதவைத் திறக்கச் சொல்லிட்டார். வர்ற ஞாயிறு மறுதேர்தல். குழப்பம் வராமலிருக்கக் கறுப்பு மொச்சைக்குத் தடை. அருமையான ஏற்பாடு. எண்ண வேண்டியவன் நான். அதற்குள், மூட்டுவலிக்காக ஒலிம்பியாவை எல்லைக்கு அப்பால் லுகானோவில் அவள் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போய் வருகிறேன்.

அண்ணிக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். நாட்டின் தலைவர் நீடூழி வாழ்க.

உங்கள் தம்பி
எர்மெத்தே

பி.கு.: மேலே உள்ளது எல்லையில் சோதனை போட்டால் காட்டுவதற்காக எழுதியது. ஒருத்தரும் கேட்கவில்லை, காகிதத்தை வீணாக்க மனசு வரவில்லை. லுகானோ வந்து சேர்ந்துவிட்டோம். திரும்பப் போவதில்லை. ஒலிம்பியாவுக்கு மூட்டுவலியும் இல்லை, மலையில் எனக்கு முன்னால் ஏறினாள். செயலாளர் குடித்தது எங்கள் வீட்டு மொச்சை அண்ணா, கூடை மொச்சை இல்லை. திரைக்குப் பின்னால் வெள்ளைக் கூடை ததும்பத் ததும்ப இருந்தது. ஒருத்தரும் தொடவில்லை, ஸ்காராத்தியின் சொந்த மைத்துனன்கூட. எண்ணெய் என்ற பேச்சு காதில் விழுந்ததும் ஒலிம்பியா அத்தனையையும் மடியில் கொட்டிக்கட்டிக்கொண்டு வெறுங்கூடையை நீட்டினாள். எல்லாரும் பார்த்த கூடை. ஒரு வாய் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலில் தப்பு என்று ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான், அதுவும் பொய். அந்த வெள்ளை மொச்சை இப்போது இங்கே அடுப்பில் கொதிக்கிறது. நம்ம ஊரில் யாருமே எடுக்காத மொச்சை அண்ணா, என்ன மணமாக இருக்கிறது தெரியுமா.