முப்பத்திரண்டு விழுக்காடு

'பாதுகாப்பு அப்டேட் நடக்கிறது. 32 விழுக்காடு. கணினியை அணைக்காதீர்கள்.'

காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து நீலத்திரையில் அதே முப்பத்திரண்டு. எந்தப் பட்டனையும் தொடப் பயந்து ராஜசேகரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் ஷிப்ட் பார்த்தவர், சூப்பர்வைசர் வேலைக்கான விண்ணப்பத்தை மூன்று நாள் ஒற்றை விரலால் தட்டி அந்தக் கணினிக்குள்தான் வைத்திருந்தார். மாலை ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

"ரூபினிக்குப் போன் பண்ணுங்களேன்," என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

"கம்ப்யூட்டர தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் காலேஜுக்கே போனா. கேட்டா மானம் போயிரும் லா."

மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. 'உங்களுக்கு ஃப்ரிட்ஜ் பரிசு' என்று வந்த லிங்க்கைப் போன மாதம் இவர் அமுக்கப்போய், கணினி ஒரு வாரம் படுத்துவிட்டது. அன்றிலிருந்து திரையில் எந்த எச்சரிக்கை வந்தாலும் அதற்கு அப்படியே கீழ்ப்படிவது என்று இருந்தார்.

"இன்டர்நெட் லைன் பத்தல," என்று டிவி பிளக்கைப் பிடுங்கினார். சீரியலில் தாலி கட்டும் நேரம். புஷ்பவள்ளி முறைத்தாள்.

முப்பத்திரண்டு.

"கரண்ட் பத்தல." ஃப்ரிட்ஜ், காற்றாடி, சோறாக்கும் குக்கர் எல்லாம் நின்றன.

"அரிசி பாதிதாங்க வெந்திருக்கு!"

"அரிசிக்கா ப்ரமோஷன் வேணும்? எனக்குத்தானே!"

மூன்று மணிக்கு வழக்கமான ஜொகூர் மழை இடியோடு வந்தது. இடித்தால் அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லாரும் முதலில் கணினி பிளக்கைத்தான் பிடுங்குவார்கள்.

"பிடுங்குங்க!"

"அணைக்காதன்னு போட்டிருக்கே!"

"அத இடிகிட்ட சொல்லுங்க!"

ராஜசேகரன் தொழிற்சாலை ஹெல்மெட், ரப்பர் கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, பிடுங்குவதா வேண்டாமா என்று பிளக்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். புஷ்பவள்ளி ஜப்பான் சிலிப்பர் ரப்பர் செருப்போடு நாற்காலி மேல் ஏறி நின்றாள். ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் வழிந்து ஹாலுக்கு வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலே முக்காலுக்கு ரூபினி நனைந்துகொண்டு உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், நாற்காலி மேல் நின்ற அம்மாவைப் பார்த்தாள். குனிந்து கீபோர்டில் ஒரே ஒரு பட்டனை அமுக்கினாள். நீலம் மறைந்தது. விண்ணப்பம் அலுங்காமல் இருந்தது.

"முடிஞ்சிருச்சாம்மா அப்டேட்டு?" அவர் பிளக்கை விட்டுவிட்டு எழுந்தார்.

"அது நேத்தே முடிஞ்சிருச்சுப்பா. இது, நான் இல்லாதப்ப நீங்க கண்ட லிங்க்கையும் அமுக்காம இருக்கிறதுக்காகப் போட்டுட்டுப் போன வெறும் படம்."