ஸ்கந்தராஜாவின் மூன்று பூட்டுகள்

உலகத்தின் பாதுகாப்பான இடங்களுக்குப் பட்டியல் போட்டால், 1987-இல் முதலிடம் மலேசியாவின் ஈப்போவில், ஒரு சீனர் மருந்துக்கடையின் மாடியில் இயங்கிய ஸ்கந்தராஜா திருமணத் தகவல் நிலையத்துக்குத்தான். இரண்டாமிடத்துக்கு வேண்டுமானால் வங்கிகள் போட்டி போடலாம்.

ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஸ்கந்தராஜா, முன்னூறு குடும்பங்களின் சாதகங்களையும் ஞானஸ்நானச் சான்றிதழ்களையும் 'கம்ப்யூட்டர் மயம்' ஆக்கினார். கம்ப்யூட்டரைச் சுற்றி இரும்பு கிரில் போட்டார். கிரிலுக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் அவர் இடுப்பில். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் பேராபத்து என்பதால், அதைக் கொட்டை எழுத்தில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டிவைத்தார். தொலைநோக்கு என்றால் இதுதான்.

நிலையத்தின் ஒரே கிளார்க் பியாட்ரிஸ். ஒவ்வொரு குடும்பத்தின் பதிவிலும் 'அந்தரங்க விசாரணை' என்று ஒரு கட்டம் உண்டு. ஐயா ஊர் ஊராக விசாரித்து வந்து சொல்வார், அவள் டைப் அடிப்பாள். செமோர் ஊர் டோரிஸ் தன் மகளுக்கு வரன் கேட்டுப் பதிந்திருந்தாள். அந்தக் கட்டம் வந்தபோது பியாட்ரிஸின் விரல் நின்றுவிட்டது. டோரிஸின் மகன் ஸ்டானிஸ்லாஸைத்தான் அவள் அடுத்த மாதம் கட்டிக்கொள்ளப் போகிறாள்.

"டைப் அடி, பிள்ளை. தாய்க்கு வாய் நீளம். மூத்த மருமகள் ரெண்டு தரம் தாய்வீட்டுக்கு ஓடினவள்."

"சார், இவங்க எனக்கு மாமியார் ஆகப்போறவங்க. நான்தான் டைப் பண்ணேன்னு தெரிஞ்சா என் கல்யாணம் ஹாபிஸ்லா, அதோட முடிஞ்சது!"

"ஆருக்குத் தெரியப்போகுது? மூண்டு பூட்டு! அதோட, நாங்கள் சின்ன நிலையம். கள்ளன் பேங்குக்கல்லோ போவான், எங்களிட்ட ஏன் வாறான்?"

இவ்வளவு தெளிவான பதிலுக்குப் பிறகும் பயப்படுவது அவமரியாதை. பியாட்ரிஸ் அடித்து முடித்தாள்.

கள்ளன் வரவில்லை. கோலா கங்சார் ஊர்க் கல்யாணத் தரகர் நவமணிதான் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணே, என்கிட்ட ஒரு டாக்டர் மாப்பிள்ளை இருக்கு. உங்க பொண்ணுங்க விவரம் ஒரு காப்பி வேணுமே" என்றாள்.

தரகர்களுக்குள் நகல் கேட்டால் இல்லையென்று சொல்கிற வழக்கமே கிடையாது. முன்பெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது விஞ்ஞான யுகம். ஸ்கந்தராஜா மூன்று பூட்டையும் தாமே திறந்தார்.

"பிள்ளை, முழுசையும் ஒரு டிஸ்கில போட்டுக் குடு."

"சார், அந்தரங்கக் கட்டமும் சேர்ந்து போயிடும்!"

"என்ன விசர்க்கதை? நகல்தானே குடுக்கிறம். அசல் எங்களிட்டத்தானே இருக்குது!"

பியாட்ரிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரே நகலெடுத்தார். கடவுச்சொல் கண்ணெதிரே இருந்ததால் சிரமமில்லை. நவமணி போனதும் மூன்று பூட்டையும் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

பத்தாம் நாள் மாடிப்படி கொள்ளாத கூட்டம். வாடிக்கையாளர்களைத் தன் பக்கம் இழுக்க நவமணி அந்தந்தக் குடும்பத்தின் அந்தரங்கக் கட்டத்தை அச்சடித்து அவரவர் வீட்டுக்கே அனுப்பியிருந்தாள். முதல் ஆளாக டோரிஸ்.

"எனக்கா வாய் நீளம்? யாருடி இதை டைப் பண்ணது?"

சத்தம் கீழே மருந்துக்கடையைத் தாண்டி எதிர் வரிசைக்குக் கேட்டது. தகவல் துல்லியமானது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

"நான்தான் ஆன்ட்டி" என்றாள் பியாட்ரிஸ்.

கல்யாணம் அந்தப் படியிலேயே நின்றுபோனது. ஸ்டானிஸ்லாஸ் அம்மாவுக்குப் பின்னால் நின்று தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஸ்கந்தராஜா பதறவில்லை. உடனே விசாரணைக் குழு அமைத்தார். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. பூட்டுகளை எண்ணினார்: மூன்று. கம்ப்யூட்டர்: ஒன்று. டிஸ்குகள்: குறைவில்லை.

"ஒண்டும் களவு போகேல்லை! சனத்துக்கு ஒரு அறிக்கை அடி, பிள்ளை."

பியாட்ரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். பெரிய அதிகாரிகள் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை. ஐயாவும் போட்டார், முத்திரை குத்தினார், தாமே கிரிலில் ஒட்டினார். படியேறி வந்த கூட்டம் வாசித்தது:

"இந்நிலையத்தில் எதுவும் களவு போகவில்லை என்று உறுதி கூறுகிறேன். முன்னூறு குடும்பங்களின் மானத்தையும் பியாட்ரிஸின் கல்யாணத்தையும் நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன். இப்படிக்கு, ஸ்கந்தராஜா, தலைவர்."