நீலமா, சிவப்பா

"அழுத்துண்ணே. பயப்படாம அழுத்து. உக்காந்துடும்."

ப்ரூஃப் அழுத்தினார். அது உட்காரவில்லை. உள்ளே எங்கோ 'நறுக்' என்றது. அந்தச் சத்தத்தில் அவர்தான் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் விரித்த பழைய துண்டின் மேல் மதர்போர்டு மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு காலிப் பெட்டிகள். ஒன்று நீலம், இன்னொன்று சிவப்பு. இரண்டும் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் வந்த பெட்டிகள். வீட்டில் எல்லோரும் உர்ரென்று இருப்பதற்கு அந்த இரண்டு நிறங்கள்தான் காரணம்.

ப்ரூஃப் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அகராதி போடும் பதிப்பகம் ஒன்றில் ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்துபவர் என்பதால் அலுவலகம் வைத்தது. அது வீடு வரை வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள்.

பதிப்பகத்தின் முதலாளி வாயில் ஆங்கிலம் நுழையாது. பேனா அவருக்குத் தூவல், காப்பி குளம்பி. புதிதாகச் சேர்ந்த கணக்கரிடம் ஒருநாள் "ஒரு குளம்பி கொண்டுவாருங்கள்" என்றபோது, அந்த மனிதர் அரை நாள் புத்தக அலமாரியில் தேடினார். முதலாளி சொல்வதைக் கேட்டவுடனே புரிந்துகொள்ளும் ஒரே ஆள் ப்ரூஃப். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கூரை ஒழுகுகிறது என்று அலுவலகத்தைப் பழுதுபார்க்க மூடிய வெள்ளிக்கிழமை, முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"இனி ஒரு திங்களுக்கு வீட்டிலிருந்தே பணி. சந்தையில் பெயர் பெற்ற செயலிகள் இரண்டு. எதுவாயினும் சரி, ஒன்றைப் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் முன் தோன்றுங்கள். தோன்றாதவர்கள் பிறகு தோன்றவே வேண்டாம்."

மற்றவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். ப்ரூஃப் மட்டும் தலையாட்டினார். பள்ளியில் கணினிப் பாடத்தைத் தமிழில் படித்தவர். 'செயலி: சிறுகுறிப்பு வரைக' என்றதற்கு ஒன்றரைப் பக்கம் வரைந்தவர். ப்ராசஸர். இரண்டு கம்பெனிகள்; ஒன்றின் பெட்டி நீலம், மற்றதன் பெட்டி சிவப்பு. இதில் விழிக்க என்ன இருக்கிறது?

வீட்டிலிருந்த கம்ப்யூட்டரோ பட்டனைத் தொட்டால் பெருமூச்சு விட்டு அணைந்துபோகும் கட்டத்தில் இருந்தது. புதிதாக ஒன்றைக் கட்டிவிட வேண்டியதுதான். ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று வேறு பேச்சு அடிபட்டது. மகள் இன்னும் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். தோன்றாமல் இருக்க அவருக்கு வசதி இல்லை.

முதல் தவறு, மச்சினனிடம் கேட்டது. மனைவியின் தம்பி, மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. அவனிடம் பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். கேள்விகள்தான் தாமதமாக வந்து சேரும்.

"நீலம் மாமா. யோசிக்கவே யோசிக்காதீங்க," என்றான் போனில். "சிவப்பு சூடாவும். அதுமேல முட்டை பொரிக்கலாம்."

"சூடானா என்ன மாப்ளே?"

"பேசிட்டிருக்கும்போதே உங்க மூஞ்சி அப்படியே நின்னுடும். முதலாளி முன்னாடி வாயத் தொறந்தபடி நின்னா நல்லாவா இருக்கும்?"

ஏற்கெனவே அப்படி நின்று பழக்கம் இருந்ததால் ப்ரூஃப் பயந்துபோனார். மறுநாளே நீலமும் அதற்கேற்ற மதர்போர்டும் வாங்கி வந்தார்.

இரண்டாவது தவறு, அதைத் தன் தம்பியிடம் சொன்னது. தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அடுத்தவர் தப்பாகத் திருப்புவதைப் பார்த்துப் பார்த்தே நரம்பு முறுக்கேறிப் போனவன்.

"யாரக் கேட்டு நீலம் வாங்கின?"

"மச்சினன்தான் சொன்னான்..."

"அதான பாத்தேன். கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அண்ணி வீட்டு ஆளு சொன்னாத்தான் உனக்கு எறங்கும். சிவப்புல எவ்ளோ கோர் தெரியுமா?"

"கோர்னா?"

தம்பி ஒரு கணம் யோசித்தான். "அது நெறைய இருக்கணும். அவ்ளோதான்."

தம்பியின் மனம் நோகக்கூடாதே என்று ப்ரூஃப் சிவப்பும் ஒன்று வாங்கினார். போர்டுதான் இருக்கிறதே, யார் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் நிறத்தை மாட்டிக் காட்டினால் போயிற்று என்பது அவர் கணக்கு. நீலத்தின் போர்டில் சிவப்பு பொருந்தாது என்பது தம்பிக்குத் தெரியாது. தனக்குத் தெரியாது என்பதும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து முன்னால் நின்று அழுத்தச் சொன்னான்.

அப்படித்தான் அந்த 'நறுக்' கேட்டது.

தூக்கிப் பார்த்தால், போர்டிலிருந்த முட்கள் படுத்திருந்தன. சிவப்பின் அடியிலிருந்த முட்களும் படுத்திருந்தன.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க சத்தம்?"

"பொருத்திட்டிருக்கோம்."

"பொருத்தற சத்தம் எனக்குத் தெரியும். இது வேற."

தம்பி, பயிற்சி கார் காத்திருக்கிறது என்று நழுவினான். ப்ரூஃப் மனைவியின் புருவ இடுக்கியை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு முள்ளாக நிமிர்த்தினார். காலமெல்லாம் ஒற்றும் கொம்பும் திருத்திய கை. நடுவரிசை வரை நன்றாகத்தான் போயிற்று. அதற்குமேல் முள் இடுக்கியோடு வந்துவிட்டது.

கடைக்காரர் இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் சார் பண்ணது?"

"என் தம்பி."

"உங்க மேல ஏதாச்சும் கோவமா?"

நீலம் முழுசாக இருந்தும், தம்பி மனம் நோகக்கூடாதே என்று சிவப்புக்கேற்ற புது போர்டும் புதுச் சிவப்பும் வாங்கினார். கடைக்காரரே இரண்டையும் பொருத்திக் கொடுத்துவிட்டார். மிச்சத்தை ப்ரூஃப் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி முடித்தபோது திங்கட்கிழமை காலை. வாசலில் மணி அடித்தது. மச்சினன் தன் நீலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தான்.

ப்ரூஃப் அவனை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு உள்ளே ஓடினார். நீலப் பெட்டியிலிருந்த ஸ்டிக்கரை எடுத்துக் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டினார். மச்சினன் மனம் குளிர்ந்தான். அது குளிர்ந்து முடிவதற்குள் தம்பி உள்ளே வந்தான்.

"யாரு இத ஒட்டினது? உள்ள இருக்கிறது சிவப்புல்ல?"

"சிவப்பா? அக்கா, இங்க வா. உன் வீட்டுக்காரர் பண்ற வேலையப் பாரு."

"ஏங்க, என் தம்பி பேச்சுக்கு இந்த வீட்டுல ஒரு மரியாதையும் கிடையாதா?"

"அண்ணி, உங்க தம்பி பேச்சுக்கு ஸ்டிக்கர் ஒட்ற அளவுக்கு மரியாதை இருக்கு. அது போதாதா?"

தம்பி ஸ்டிக்கரைப் பிய்த்தான். மச்சினன் திரும்ப ஒட்டினான். ஒன்பதடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. ப்ரூஃப் இருவருக்கும் நடுவில் கையை நுழைத்துப் பட்டனை அழுத்தினார்.

விசிறி சுற்றியது. சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. பிறகு மெல்லிய நூலாகப் புகை எழுந்தது. விசிறி நின்றது. வீட்டின் மற்ற விளக்குகளும் மரியாதைக்கு அணைந்துகொண்டன.

"சூடாவும்னு சொன்னேனா இல்லையா?"

"நீலத்த ஒட்டினா எரியாம என்ன பண்ணும்?"

கொஞ்ச நேரம் இருவரும் புகையைப் பார்த்தார்கள்.

"மனசத் தொட்டுச் சொல்லுங்க சார்," என்றான் தம்பி. "இதுல ப்ராசஸர் மேல தப்பு இருக்கா?"

"இல்ல சார்," என்றான் மச்சினன். "ரெண்டுமே நல்ல கம்பெனி. கட்டின ஆளு சரியில்ல."

ப்ரூஃபின் கல்யாணத்தன்று அவர்களுக்குள் தொடங்கிய பகை அங்கே முடிந்தது. இருவரும் பால்கனிக்குப் போய் ஒரே நாற்காலியை ஒருவருக்கொருவர் உபசரித்துக்கொண்டார்கள்.

ஒன்பது அடித்தது. ஒன்பதே காலும் ஆனது. ப்ரூஃப் மனதுக்குள் தன் பெயரின் குறுக்கே நீக்கல் குறி ஒன்றைப் போட்டு, ஓரத்தில் ஒரு சுழியும் சுழித்துக்கொண்டார். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போனாப் போகுது விடுங்க. வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

அவள் ஆறுதல் சொல்லிக் கேட்டதே இல்லை. அப்போதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவருக்கு உறைத்தது.

போன் அடித்தது. எடுத்தால், திரையில் அலுவலக ரிசப்ஷனிஸ்ட்டின் முகம்.

"ப்ரூஃப் சார், எங்க இருக்கீங்க? முதலாளி உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கார். இருங்க, நான்..."

"நீயே பாரும்மா." அவர் போனைத் திருப்பி மேஜைப் பக்கம் காட்டினார். "ரெண்டு செயலியும் வாங்கினேன். நீலமும் வாங்கினேன், சிவப்பும் வாங்கினேன். ஒண்ணு பொருந்தல, ஒண்ணு எரிஞ்சு போச்சு. குடும்பமே ரெண்டாகி, இப்ப எனக்கெதிரா ஒண்ணாயிடுச்சு. அந்தக் குளம்பி மண்டையனுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிட்டான். தோன்றணுமாம். ஒருநாள் அவனை இதக் கட்டச் சொல்லு, அப்புறம் அவன் எப்படித் தோன்றான்னு நான் பாக்கறேன்."

மறுமுனையில் யாரோ லேசாகச் செருமினார்கள். ரிசப்ஷனிஸ்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"சார், செயலின்னா போன்ல போடற ஆப்பு சார், அதுலதான் நீங்க இப்ப முதலாளி முன்னாடி தோன்றியிருக்கீங்க."