ஊமை மடிக்கணினியும் இரண்டு குக்கர் மூடிகளும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு,

உன் சின்னக்காவின் கணவன், அதாவது உன் அத்தான், எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் சின்னக்கா உடம்பளவில் நலம். போன தடவை வந்தபோது எங்கள் மடிக்கணினியில் நீ குடியேற்றிவிட்டுப் போன பென்குயினும் நலம். கொழுகொழுவென்று திரையில் உட்கார்ந்திருக்கிறது. ஊமையாக இருக்கிறது என்பதைத் தவிர அதன்மேல் எனக்கு வேறு குறை இல்லை. அங்கே உன் நலத்தையும் உன் வேலையின் நலத்தையும் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். இனி திட்ட ஆரம்பிக்கிறேன்.

கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த மடிக்கணினியைத் தேடிப் பிடித்து வாங்கியவன் நான் என்று நீ சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். சிரித்துக்கொள். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் குளித்து, சவரம் செய்து, தலை துவட்டிக்கொண்டு வந்தால் அப்போதுதான் அது 'வருக' என்று சொல்லும்; வருவதற்குள் எனக்கு என்ன வேலைக்காகத் திறந்தேன் என்பது மறந்துவிடும். ஆனாலும் அது பேசியது, பாடியது, பிழை செய்தால் டொய்ங் என்று அதட்டியது. நீதான் கேட்கவில்லை. "அத்தான், பழசைத் துடைச்சுட்டு லினக்ஸ் போட்டுத் தரேன். காசு கிடையாது, வைரஸ் கிடையாது, சும்மா பறக்கும் பாருங்க" என்றாய். அந்த லினக்ஸின் சின்னமான பென்குயின் பறக்காத பறவை என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. போட்டாய். பறக்கத்தான் செய்தது. பொத்தானை அழுத்திய கையை எடுப்பதற்குள் திறந்துகொண்டது. நீ பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் படம் வருகிறதா என்று பார்த்தாய். சத்தம் வருகிறதா என்று பார்க்கவில்லை. வாசலில் நின்று இன்னொரு குண்டையும் போட்டாய்: "ஞாயித்துக்கிழமை பெரியக்கா இதுல வீடியோவுல வருவா. நான் பேசி வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் இந்த ஒரு தடவை முகம் பாத்துப் பேசிட்டா சரியாயிடும். இதுவும் போச்சுன்னா என்னால இனிமே ஆகாது அத்தான், நான் கைகழுவிடுவேன்."

சண்டை எதனால் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுதும்போதாவது எனக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரியக்கா வீட்டுக்கு இரவல் போன எங்கள் குக்கர் திரும்பி வந்தபோது கறுப்புப் பிடி மூடிக்குப் பதிலாக அவர்கள் வீட்டுச் சிவப்புப் பிடி மூடியோடு வந்தது. "வேணும்னே மாத்தி அனுப்பியிருக்கா" என்றாள் இவள். "மூடியை என்ன, நான் முழுங்கிட்டேனா?" என்றாள் அவள். அங்கிருந்து மூடியைத் தாண்டி, கல்யாணத்துக்கு முன்னால் யார் யாருடைய சீப்பை உடைத்தது என்பதுவரை போய், கடைசியில் ஒருத்தி போனில் மற்றவளுக்குத் தடை போட்டாள்; மற்றவளும் பதிலுக்குப் போட்டாள். அன்றிலிருந்து அந்த மூடியைப் போடாமல் எங்கள் குக்கரில் வெங்காயம் வைத்திருக்கிறோம். அங்கே அவர்கள் குக்கரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம்.

சனிக்கிழமைதான் சத்தம் இல்லை என்பது தெரியவந்தது. உனக்குப் போன் செய்தேன். செட்டிங்ஸ் போய்ப் பாருங்கள் என்றாய். போனேன். 'ஒலி வெளியீடு' என்ற இடத்தில் 'டம்மி' என்று போட்டிருந்தது. இந்த வீட்டில் டம்மியாக நான் ஒருவன் இருப்பது போதாதா மாப்பிள்ளை? சரி, டெர்மினலைத் திறங்கள் என்றாய். ஒரு கறுப்புச் சன்னல் வந்தது. நீ எழுத்து எழுத்தாகச் சொல்ல நான் ஒற்றை விரலால் அடித்தேன். அது கடவுச்சொல் கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகையும் செத்துவிட்டது என்று அலறினேன். "அது அப்படித்தான் அத்தான், காட்டாது. தைரியமா அடிச்சு என்டர் தட்டுங்க" என்றாய். தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. "பதில் எதுவும் வரலையா? அப்ப வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மாப்பிள்ளை, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீ போகப்போகத் தெரிந்துகொள்வாய்.

சத்தம் வரவில்லை. பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஆர்வமாகத் திறந்தார், பென்குயினைப் பார்த்தார், தொற்று வியாதிக்காரனைத் தொட்டதுபோல மூடினார். "வீட்ல யாராவது படிச்ச பசங்க வந்துட்டுப் போனாங்களா சார்?" என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் திண்ணை மாதிரியான மன்றம் ஒன்றில் தேடினேன். இதே மடிக்கணினி, இதே ஊமைத்தனம், இதே புலம்பலோடு ஒரு மனிதர் எழுதியிருந்தார். படிக்கப் படிக்க உடன்பிறந்தவனைக் கண்டதுபோல இருந்தது. பக்கம் பக்கமாக உருட்டிக் கடைசிக்கு வந்தால், "சரியாகிவிட்டது. நன்றி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை? அவர் எங்கிருந்தாலும் அவர் வீட்டுக் குக்கர் மூடியும் மாறிப்போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் போனிலிருந்தாவது பெரியக்காவைக் கூப்பிடுகிறேனே என்று கெஞ்சிப் பார்த்தேன். "நாம கூப்பிட்டா நாம இறங்கி வந்த மாதிரி ஆயிடும். இது தம்பி ஏற்பாடு, இதுல யாரும் இறங்கலை" என்றாள் உன் சின்னக்கா. திரை கூப்பிட்டது, சத்தமில்லாமல். பச்சைப் பொத்தானை அமுக்கினேன். பெரியக்கா வந்தாள்; தோளுக்குப் பின்னால் என் சகலை, பனியனோடு. அவள் வாய் அசைந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னங்க இது, பேசற மாதிரி வாயை மட்டும் ஆட்டி என்னைக் கேலி பண்றா?" என்று இவள் எழுந்தாள். நான் உட்கார வைத்து, சத்தம்தான் வராது என்று விளக்கினேன். "அப்ப நான் பேசறதும் அவளுக்குக் கேக்காதா?" என்றாள். நான் அப்போதுதான் டெர்மினலெல்லாம் பார்த்துவிட்டு வந்தவன் அல்லவா? அந்தத் தெம்பில் சொன்னேன்: "ரோட்டை மூடினா ரெண்டு பக்கமும்தானே மூடியிருக்கும்? நீ பாட்டுக்கு சிரிச்ச முகமா இரு, போதும்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை, நீ கணினி படித்தவன், உனக்கு விளங்கலாம். உன் சின்னக்கா முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல், என்னிடம் பேச ஆரம்பித்தாள். "தலைக்குச் சாயம் அடிச்சிருக்கா பாருங்க. நமக்காகத்தான். காதுகிட்ட விட்டுப்போச்சு." சொல்லி வாய் மூடவில்லை, பெரியக்காவின் கை காதோரம் போயிற்று. "அலமாரி மேல பாருங்க, என் மூடி! கறுப்புப் பிடி! கண்ணாடிச் சாமானோட அடுக்கி வெச்சிருக்கா!" பெரியக்கா திரும்பி அலமாரியைப் பார்த்தாள். சும்மா இருக்காமல் நானும், "சகலைக்கு இன்னும் அந்த ஓட்டைப் பனியன்தானா? மீன் பிடிக்கவா போறார்?" என்றேன். சகலை மாயமாய் மறைந்து, சட்டையோடு வந்தார். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்குள் ஏதோ ஒரு கம்பியில்லாத் தந்தி ஓடுகிறது என்று நான் வியந்துகொண்டேன்; அது சகலைவரைக்கும் எப்படி ஓடியது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. நடுவில் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. ஏதோ அப்டேட் கேட்கிறது என்று மூடினேன். மறுபடி வந்தது. மறுபடி மூடினேன்.

பிறகு உன் சின்னக்காவின் குரல் மாறியது. "ஏங்க, ரொம்ப எளச்சுட்டாங்க அவ. கழுத்தெலும்பு தெரியுது பாருங்க. உடம்புக்கு என்னமோ வந்திருக்கு, நமக்குத்தான் சொல்லலை. எப்படிச் சொல்லுவா? நான்தான் வாசலை அடைச்சு வெச்சிருக்கேனே. ஒரு மூடிக்குப் போயி என்ன பேச்சுப் பேசிட்டேன். அவ மூடியை வாராவாரம் எடுத்துத் தேய்ச்சு வைக்கிறேன், அதைக் கொண்டுபோயிக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பேன்?" இவ்வளவையும் அந்த ஒட்டவைத்த சிரிப்போடே சொன்னாள், கண் மட்டும் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. திரையில் பெரியக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சகலை குறுக்கே வந்து எதையோ அமுக்கினார். படம் போய்விட்டது.

"பாத்தீங்களா? என் மூஞ்சியைப் பாக்கக்கூட அவளுக்குப் பிடிக்கலை" என்று உன் சின்னக்கா உள்ளே போனவள்தான். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சிவப்புப் பிடி மூடியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் போய்ப் பேச்சுக் கொடுத்தால், கறுப்புச் சன்னல் மாதிரி கண்ணை மட்டும் சிமிட்டுகிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, உன்னை நான் கேட்டுக்கொள்வது, இல்லை, காலைப் பிடித்துக் கேட்பது இதுதான். உடனே லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. வரும் வழியில் பெரியக்கா வீட்டில் இறங்கி, குற்றம் எங்கள்மேல் இல்லை, ஸ்பீக்கர்மேல் என்று எடுத்துச் சொல். பிறகு இங்கே வந்து பென்குயினை அதன் பனிப் பிரதேசத்துக்கே அனுப்பிவிட்டு, என் பழைய ஆமையை மீட்டுக் கொடு. மெதுவாக வந்தாலும் அது வாயைத் திறந்து பேசியது. இனி ஆயுளுக்கும் இந்த வீட்டில் லினக்ஸ் என்ற பேச்சே எழக் கூடாது.

நீ நீடூழி வாழவும், தொட்டதெல்லாம் துலங்கவும் (இந்த மடிக்கணினியைத் தவிர), ஊமையில்லாத ஒரு பெண் உனக்கு மனைவியாக வாய்க்கவும் மனதார வாழ்த்தும்,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். லீவு போடாதே. பென்குயினைத் தொடாதே. அனுப்பு என்ற பொத்தானில் விரலை வைத்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. திறந்தால் பெரியக்கா, கையில் கறுப்புப் பிடி மூடி. பக்கத்தில் சகலை, புத்தம்புதுச் சட்டையில், என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு. உள்ளே வந்தவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் கேட்டுச்சுடி. ஒண்ணு விடாமக் கேட்டுச்சு. காதுகிட்ட சாயம் விட்டுப்போனது உள்பட" என்றாள். சகலைதான் விளக்கினார்: ஸ்பீக்கர்தான் செத்திருக்கிறதாம், மைக் கேமராவோடு ஒட்டிப் பிறந்ததாம், அதற்கும் ஸ்பீக்கருக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாதாம். நான் மூடி மூடித் தள்ளிய சின்னப் பெட்டியில் "நீங்க பேசறது கேக்குது, ஜாக்கிரதை" என்று அவர் தட்டித் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாராம். உன் சின்னக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் மூடியிருக்கும்னீங்களே?" நான் தேநீர் போடப் போவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் நுழைந்துவிட்டேன்.

உள்ளே வெங்காயக் குக்கர் இருந்தது. மேசையில் இருந்த சிவப்புப் பிடி மூடியைக் கையோடு எடுத்து வந்திருந்தேன், ஒரு பாதுகாப்புக்காக. கூடத்தில் அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்க, எனக்கு வேலை இல்லாததால் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு மூடியை மேலே வைத்துத் திருகிப் பார்த்தேன். மாப்பிள்ளை, இத்தனை காலத்தில் இந்த இரண்டு வீட்டிலும் ஒருவரும் அதை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு முனகல் இல்லை, ஒரு கிறீச் இல்லை. கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நான் வெளியே சொல்லவில்லை. சத்தமே வராவிட்டால் வேலை முடிந்தது என்று நீதானே சொன்னாய்.