ஏர் பூட்டித் தண்ணீர் இறைத்தவன்

இளைஞர்களை விவசாயத்துக்கு எப்படி இழுப்பது என்று அவ்வப்போது ஊரில் கூட்டம் போடுகிறார்கள். உரம், கடன், மோட்டார் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒரே வழிதான்: பெண்ணைப் பெற்றவர் பிடிவாதக்காரராக இருக்க வேண்டும்.

ஐம்பதுகளில் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, புதுக்கோட்டையில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்று சட்டைப் பையில் பேனாவோடு திரிந்துகொண்டிருந்தேன். (பேனாவில் மை கிடையாது.) பொன்னமராவதிச் சந்தையில் வள்ளியைப் பார்த்ததும் குமாஸ்தா கனவு போய்க் கல்யாணக் கனவு வந்துவிட்டது. அப்பா ஆள் விட்டுப் பெண் கேட்டார்.

"ஏர் பிடிக்கிற பயலுக்குத்தான் பொண்ணு. புதன்கெழம வந்து பாக்குறேன்" என்று சொல்லியனுப்பினார் வள்ளியின் அப்பா.

நான் ஏரைத் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டு மாடுகளுக்கோ என்னைக் கண்டாலே ஆகாது. அப்போதுதான் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கூட்டாளி சுப்பையாவின் கமலை மாடுகள் ஞாபகத்துக்கு வந்தன. கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வர, வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும்; தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் அப்படியே பின்பக்கமாக நடந்து கிணற்றடிக்கு வந்துவிடும். அதட்டக்கூட வேண்டாம். மாட்டுக்கு இவ்வளவு புத்தி இருந்தால் உழுகிறவனுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

"இதுகளுக்கு உழுது பழக்கமில்லடா" என்றான் சுப்பையா.

"எனக்கும்தான் இல்ல. ஒத்துப்போகும்" என்றேன்.

புதன்கிழமை காலை, வெளுத்த வேட்டியும் புதுத்துண்டுத் தலைப்பாகையுமாகச் சேற்று வயலில் இறங்கினேன். வரப்பில் வள்ளியின் அப்பாவும் என் அப்பாவும் நின்றார்கள். மாடுகள் அருமையாகப் புறப்பட்டன. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். கமலைச் சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போனதும் இரண்டும் நின்றன. தண்ணீர் கொட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தன. பிறகு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தன.

ஏரின் கைப்பிடி, அந்த மேழி, வந்து என் வயிற்றில் முட்டியது. "ஹை, ஹை" என்றேன். கேட்பாரில்லை. நானும் பின்னால் நடந்தேன். புறப்பட்ட இடம் வந்ததும் மறுபடி முன்னால்; மறுபடி பின்னால். கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். மாடு வேட்டி நுனியை மிதித்துக்கொண்டு நின்றது. நான் எழுந்தேன், வேட்டி எழவில்லை. (உள்ளே டவுசர் இருந்தது. ஆண்டவன் கைவிடவில்லை.)

அப்பா தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். வள்ளியின் அப்பா நிதானமாகக் கேட்டார்:

"ஏப்பா, இம்புட்டு நேரமா எறைக்கிறியே, தண்ணி வந்துச்சா?"

வள்ளி கைநழுவிப் போய்விட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் மறுவாரம் அவரே வந்தார். வீட்டில் இந்தக் கூத்தைச் சொன்னாராம். வள்ளி சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்காக அம்புட்டுச் சேத்துல விழுந்தவரு ஏர் பிடிக்கவா பழக மாட்டாரு? அவரையே கட்டிக்கிறேன்" என்றாளாம்.

"ஒரு போகம் நீயா உழுது வெளைய வச்சுக் காட்டு. பொறகு தாலியோட வா" என்றார்.

உழுதேன், சுப்பையாவின் மாடுகள் பக்கமே போகாமல். அறுப்பு முடிந்த கையோடு கல்யாணம். அன்று பிடித்த மேழியை இன்னும் விடவில்லை.

போன மாதம் விவசாய ஆபீசர் ஒருவர் வீடு தேடி வந்து, "ஐயா, சின்ன வயசுல நீங்க விவசாயத்துக்கு வர எதுங்க தூண்டுச்சு?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மண், மழை என்று ஆரம்பித்தேன். பேச்சு கொஞ்ச தூரம் போய், நின்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது.

அடுப்படியிலிருந்து வள்ளி குரல் கொடுத்தாள்:

"தண்ணி வந்துச்சான்னு கேளுங்க, தம்பி."