நடந்து பார்த்துப் பணம் கொடுத்தவர்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். காவிரிப் பாலத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு மடக்கிய குடையை. அதன் நுனி, அடிக்கு ஒரு தட்டாகப் பாலத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. குடையைப் பிடித்திருந்தவர் எங்கள் பத்திரிகை ஆபீஸ் கணக்குப்பிள்ளை. உதடுகள் அசைந்தன. ஏதோ சுலோகம் சொல்கிறார் என்று நினைத்து, "வணக்கம் சார், பெருமாள் சேவைக்கா?" என்றேன். அவர் திரும்பாமலே கையை உயர்த்தி என் வாயை அடைத்தார். பாலம் முடியும் வரை பின்னாலேயே போனேன்.

"எழுநூத்தி முப்பத்தொண்ணு" என்று நின்றார். "நடுவுல நீங்க பேசினதால நாலு அடி கூடக் குறைய இருக்கலாம். அதை உங்க ஜட்கா வண்டி பில்லுல கழிச்சுக்கறேன் தம்பி."

நிலத்தை அளந்தவர்கள் உண்டு, நெல்லை அளந்தவர்கள் உண்டு. நிருபர்கள் எழுதிக் கொடுத்த பிரயாணச் செலவைக் காலால் நடந்து அளந்தவர் மூவுலகிலும் அவர் ஒருவர்தான். ஆபீஸில் அவருக்கு 'மைல்கல்' என்று பெயர். எந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று தெரியும்; நாற்காலியில் உட்கார்ந்தால் அசைய மாட்டார்; முட்டிக்கொண்டால் நமக்குத்தான் வலிக்கும். பொருத்தமான பெயர்.

யுத்த காலம். காகிதம் கிடைக்கவில்லை. எட்டுப் பக்கமாக இருந்த எங்கள் தினசரி நாலு பக்கமாயிற்று. வடை மடிக்கக்கூடப் போதவில்லை என்று தெப்பக்குளத்துக் காப்பிக் கடைக்காரர் நேரில் வந்து குறைப்பட்டார். முதலாளி சிக்கனத்தில் இறங்கினார். முதலில் மின்விசிறி நின்றது. பிறகு மத்தியானக் காப்பி நின்றது. அடுத்து நிற்கப்போவது நிருபர்களின் பிரயாணச் செலவு, முடிவு மாதக் கடைசியில் என்று செய்தி வந்தது.

நான் ஸ்ரீரங்கத்து நிருபர். எல்லோருக்கும் கடைசியில் சேர்ந்தவன். பிரயாணச் செலவு நின்றால், ஸ்ரீரங்கத்தில் யாராவது ஒருவரைத் தபால் கார்டில் செய்தி எழுதிப் போடச் சொல்லிவிடலாம். எனக்கு அங்கே போக வேண்டிய வேலை இருக்காது. போக வேலை இல்லாதவனுக்கு ஆபீஸிலும் வேலை இருக்காது. என் மணியார்டரை எதிர்பார்த்து லால்குடிப் பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள்.

இந்த நிலையில் எங்களுக்கும் முதலாளிக்கும் நடுவே இருந்தவர் மைல்கல். அவருடைய சித்தாந்தங்கள் பிரசித்தமானவை.

ஒரு முறை பாலக்கரையில் ஒரு பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்தது. எங்கள் மூத்த நிருபர் ஜட்காவில் பறந்து போய்ச் செய்தி கொண்டுவந்தார். வண்டிக்கூலி கேட்டபோது மைல்கல் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க போய்ச் சேந்தப்ப தீ எரிஞ்சுதா, அணைஞ்சுதா?"

"அணைச்சுட்டாங்க சார்."

"அணைஞ்ச தீயைப் பாக்க என்ன அவசரம்? மெதுவா நடந்து போயிருக்கலாமே?"

"அணைஞ்சுடும்னு எனக்குப் போகும்போது எப்படி சார் தெரியும்?"

"எரியற தீ எதுவும் அணையாம இருந்து நான் பாத்ததில்லீங்க" என்று வவுச்சரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வேறு சட்டம். ஸ்ரீரங்கத்துக்குப் போகும்போது வண்டி கிடையாது. வரும்போது மட்டும் உண்டு. "போறப்ப உங்க கையில என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. வரப்ப செய்தி இருக்கு. செய்திதான் வண்டியில வரணும். கூட நீங்களும் ஏறிக்குங்க, நான் வேணாங்கல." இதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஏகாதசியன்று மட்டும் அதுவும் இல்லை. ஊரே நடந்து போய் நடந்து வருகிற நாளில் நிருபர் வண்டியில் வந்தால் பெருமாளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்பார்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது ஒரு சங்கடம் ஏற்பட்டது. கரை உடைந்த குக்கிராமத்துக்கு நான் பரிசலில் போய்வந்து நாலு அணா எழுதினேன். தண்ணீரில் நடந்து அளக்க அவரால் முடியாது. இரண்டு நாள் வவுச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னையும் அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு பரிசலில் உட்கார்ந்தார். பரிசல் சுழன்று சுழன்று போயிற்று.

அக்கரையில் இறங்கியதும் பரிசல்காரரிடம், "எட்டுச் சுத்து சுத்தினீங்க. நேரா வந்திருந்தா பாதி தூரம்தானே? சுத்தினதுக்கும் சேத்தா காசு?" என்று கேட்டார்.

"சுத்தறது ஆறு சாமி, நான் இல்ல. அதை வேணா காவேரித் தாயிகிட்டக் கேட்டு வாங்கிக்குங்க" என்றார் பரிசல்காரர்.

மைல்கல் குடையை ஊன்றிக்கொண்டு கரையேறினார். நாலு அணா பாஸாயிற்று.

மாதக் கடைசி வியாழக்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டார். மைல்கல் கணக்குப் புத்தகத்தோடு வந்தார். எங்களுக்குக் காசு கொடுக்காமலிருக்க ஞாயிற்றுக்கிழமைகூடப் பாலத்தை அளந்தவர் எங்களுக்காக என்ன பேசப்போகிறார்?

"கணக்குப்பிள்ளை, இந்த வருஷப் பிரயாணச் செலவுல எவ்வளவு வீண்? வாசிங்க" என்றார் முதலாளி.

மைல்கல் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"வீண் செலவா? அதுக்கு நான் பணம் குடுத்ததில்லீங்களே."

"ஒரு அணாகூடவா?"

"வீணானதெல்லாம் ஆபீஸ் அலமாரியில மூட்டையா கட்டி வெச்சிருக்கேனுங்க. நான் திருப்பி விட்ட வவுச்சர். அதுல ஒரு பைசா குடுக்கல. குடுத்தது அத்தனையும் நானே நடந்து பாத்துக் குடுத்தது. இதுல வீண் இருக்குன்னு அய்யா சொன்னா, என் கணக்கு தப்புன்னு ஆகும். அப்ப வேலையை விட்டு அனுப்ப வேண்டியது இந்தப் பையனை இல்லீங்க, என்னை."

அவர் குரலில் எங்கள் மீது துளி கரிசனம் இல்லை. அவமானப்பட்டவரின் கோபம்தான் இருந்தது. முதலாளி சற்றுப் பின்வாங்கினார்.

"சரிங்க. ஸ்ரீரங்கத்துக்கு ஆள் எதுக்கு? தபால் கார்டு போதாதா?"

"அதையும் பாத்துட்டேனுங்க" என்று சட்டைப் பையிலிருந்து இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார் மைல்கல். "இந்த மாசம் மூணு திங்கக்கிழமை விடியக்காலம் ஸ்ரீரங்கம் போயி, நம்ம ஆபீஸ் விலாசத்துக்கு ஒவ்வொரு கார்டு போட்டேன். போட்டுட்டு அங்கேருந்து நடந்து வந்தேன். நான் அன்னிக்கே ஒன்பது மணிக்கு ஆபீஸ்ல இருந்தேன். முதல் கார்டு புதன்கிழமை வந்துது. ரெண்டாவது வியாழக்கிழமை."

"மூணாவது?"

"இன்னும் வந்துகிட்டிருக்குங்க. இந்த வேகத்துல செய்தி போட்டா, உற்சவம் முடிஞ்சு பந்தல் பிரிச்சப்புறம்தான் நம்ம பேப்பர்ல கொடியேத்துவோம்."

மூத்த நிருபர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி இரண்டு கார்டுகளையும் எடுத்துத் தபால் முத்திரையை மட்டும் பார்த்தார். பிறகு மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

"பையன் இருக்கட்டும். பிரயாணச் செலவு இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும். ஒரு அணா கூடினா உங்களைத்தான் கேப்பேன்."

"கூடாதுங்க" என்றார் மைல்கல்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நன்றி எல்லாம் வேணாம் தம்பி" என்று கையை விடுவித்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை வவுச்சர்ல கோயில் மொட்டைக் கோபுரத்துலேருந்து வண்டின்னு எழுதியிருக்கீங்க. அவ்வளவு தூரம் நடந்து வந்து, பாலத்துக்குப் பக்கத்துல அம்மா மண்டபத்துலதானே ஏறினீங்க? திருத்திக் குடுங்க."

உண்மைதான். திருத்திக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் அவர் பாங்கிக்குப் போயிருந்த நேரத்தில் தபால்காரர் வந்தார். மூன்றாவது கார்டை நான்தான் வாங்கினேன். பொடிப்பொடியான அவருடைய எழுத்து:

"ஸ்ரீரங்கம், திங்கள், காலை மணி 6-15. மொட்டைக் கோபுரத்தடி. நம் நிருபர் எனக்கு முன்பே வந்து, பூக்கடைக்காரரிடம் ஏதோ விசாரித்து எழுதிக்கொண்டிருக்கிறார். நடந்துதான் வந்திருக்கிறார்."